காய்ச்சலோடு போன காசு

வாட்சன்வில்லில் எர்மலிந்தாவின் ரொட்டிக்கடையிலிருந்து அனுப்பும் பணம், அனுப்பியவரின் உடம்புச் சூட்டோடுதான் எல்லை தாண்டி வஹாக்கா மலையூர்களில் போய்ச் சேரும். சேர்ந்த பிறகும் அவர் உடம்பு அன்றன்றைக்கு எப்படியோ, அப்படியே அந்த நோட்டும் இருக்கும். அலைபேசியில் அனுப்பினால் கூலி இரண்டு டாலர்; எர்மலிந்தா கூசாமல் ஒன்பது வாங்குவாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை, ஸ்ட்ராபெர்ரி பறித்த கையைக்கூடக் கழுவாமல் சனம் அவள் வாசலில்தான் வரிசை கட்டும். விவரம் கெட்டவர்கள் என்று இவர்களைச் சொல்பவர்களுக்குத்தான் விவரம் போதாது.

சிரிலோ பதினோரு வருடம் அந்த வரிசையில் நின்றவன். ஊரில் அவன் அம்மா தெக்லாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நோட்டைக் கன்னத்தில் வைத்துத்தான் மகன் நலமென்று தெரிந்துகொள்வாள். கண் மருத்துவர் வருடத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு நாள் மட்டும் அங்கே வருவார். அந்தச் செலவுக்கு அனுப்ப வேண்டிய வாரம் பார்த்துச் சிரிலோவைக் காய்ச்சல் படுக்கப் போட்டது. தெரிந்தால் கிழவி சிகிச்சையே வேண்டாமென்பாள். அதனால் முதல்முறையாக அலைபேசியில் அனுப்பினான்.

"ஏழு டாலர் மிச்சம். பிழைக்கத் தெரிஞ்சவன்டா நீ," என்றான் அறைத்தோழன் நாசாரியோ.

மறுநாளே தெக்லா கூப்பிட்டாள்.

"காசு சில்லுன்னு இருக்கு. என்னடா மறைக்கிற?"

"லேசா காய்ச்சல்மா."

"லேசான்னு நீ சொல்லாத, நான் தொட்டுப் பாத்துக்கறேன். எர்மலிந்தா கடையில இருபது டாலர் போடு. அந்தச் சூடு தணியாம நான் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்."

நாசாரியோ தாங்கிப் பிடிக்க, சிரிலோ கடைக்குப் போனான். வரிசை விலகி வழிவிட்டது. எர்மலிந்தா அன்றைக்கும் ஒன்பது டாலரை விடவில்லை. ஒரு சட்டி கோழிச்சாறு கொடுத்தனுப்பினாள்.

ஊரில் அந்த நோட்டுகளைத் துணியால் பிடித்துத்தான் கொடுத்தார்கள். தெக்லா அவற்றைச் சோள ரொட்டி சுற்றும் துணியில் வைத்துத் தினமும் காலையில் தொட்டுப் பார்த்தாள். மருத்துவர் வந்து எட்டாம் நாளும் கொதித்தது. அவர் கிளம்பப் போகிறாரென்று ஊரே சொல்லியும் தெக்லா அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் யாராக இருந்தாலும் கும்பிடத்தான் வேண்டும். பன்னிரண்டாம் நாள் விடியலில் நோட்டு மகனின் பழைய சூட்டுக்கு வந்திருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

அறுவை அறை வாசலில் மோதிரம், செருப்பு எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்ன செவிலி, அவள் கையிலிருந்த நோட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். "பையனுக்குத் தேவலையாயிடுச்சு போல. அவன் உள்ளே கூடவே வரட்டும்," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.