அறுக்காமல் வரைந்த பூ

கேமரா வராத காலம். பூவை வரைவதென்றால் வெளியழகை மட்டும் வரைந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. அந்தத் தாவர ஆராய்ச்சித் தோட்டத்து ஓவியக்காரி ஒவ்வொரு பூவின் அடிவயிற்றையும் சிறு கத்தியால் அறுத்து, விதை உண்டாகும் அறைகள் எத்தனை என்று பார்த்துப் படத்தின் ஓரத்தில் வரைய வேண்டும். செடிக்குப் பெயர் வைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

கண்ணாடி வீட்டில் அவளுடைய அண்ணன் வளர்த்த செடி, வாழ்நாளில் ஒரே ஒரு பூ பூத்து, காய்த்து, செத்துப்போகும் ஜாதி. வேறெங்கும் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. கல்யாணம்கூட வேண்டாமென்று அதைக் கட்டிக்கொண்டு அழுத மனுஷன் அவன். "அதுதான் எங்க அண்ணி" என்று அவள் கேலி செய்வாள். பூ விரிந்த அன்று அவன் ஓவிய அறைக்கே ஓடிவந்தான்.

"அறுத்துடாதேம்மா. வெளியே மட்டும் பாத்துப் போடு. இது போச்சுன்னா வம்சமே போச்சு."

"உள்ளே காட்டலைன்னா பூதக்கண்ணாடி என்னைத் தொலைச்சுடுவாருண்ணே."

பூதக்கண்ணாடி என்பது தலைமை ஆய்வாளருக்கு ஓவிய அறை வைத்த பெயர். மனுஷர் சிரித்தால்கூட அளந்துதான் சிரிப்பார்.

அண்ணன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் செடியின் சொந்தபந்தம் அத்தனையையும் அறுத்து வரைந்தவள் அவள். எல்லாவற்றுக்கும் மூன்று அறை. இதற்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? கத்தியைத் தொடாமலே மூன்று அறை வரைந்து கொடுத்துவிட்டாள். படம் அச்சேறியது. பூதக்கண்ணாடி அந்த மூன்று அறையை வைத்தே செடிக்குக் குடும்பமும் பெயரும் கொடுத்து மார்தட்டிக்கொண்டார். அண்ணன் ஒரு பிரதியைத் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்தான். அவள்தான் அங்கே போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்காருவாள்.

காய் முற்றியது, செடி கருகியது. ஆய்வாளர் காயைப் பார்க்க வருவதாக இருந்த காலையில், கண்ணாடி வீட்டுக்குச் சூடு தரும் கொதிகலன் அறைக்கு அண்ணன் அவளைக் கூப்பிட்டான். அவன் கையில் காய் வெடித்திருந்தது. உள்ளே ஐந்து அறை. ஒவ்வொன்றிலும் கன்னங்கரேலென்று விதை.

"நானே போய்ச் சொல்லிடுறேண்ணே."

"சொன்னா அவரு மானம் போகும். உன்னைச் சும்மா விடுவாரா? அப்புறம் எவன் உன்னை நம்பி ஒரு பூவைக் குடுப்பான்? காய் அழுகிப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"விதையையாவது எடுத்து ஒளிச்சு வை."

"வெச்சா மனசு முளைக்கப் போடச் சொல்லும். முளைச்சா என்னைக்காவது பூக்கும். பூத்தா அறுப்பாங்க."

அவள் அவன் கையை எட்டிப் பிடிப்பதற்குள் அடுப்புக் கதவு திறந்து மூடியது. உள்ளே விதைகள் படபடவென்று வெடித்தன. அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. சத்தம் அடங்கும்வரை கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றான்.