கெர்ட்ரூட் மிஸ்ஸியின் இருவாச்சி

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கெர்ட்ரூட் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கிளாங் போகும் ரயில் ஏறிவிட்டாள். கைப்பையில் செபமாலை, பிளாஸ்திரிச் சுருள், அவற்றுக்கு அடியில் பல்லுக்குப் போடும் கம்பியை நறுக்குகிற குறடு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் அவள் தாதி, ஊருக்கே மிஸ்ஸி. அந்தக் குறட்டை வைத்து இன்று அவள் நறுக்கப் போவது கம்பியை அல்ல.

பழைய காசுக்குத்தான் மதிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பைத்தியம் புரியாது. கெர்ட்ரூட் மாதிரி ஆட்கள் சேர்ப்பதெல்லாம் புத்தம் புதுக் காசு. அச்சுச் சூடு ஆறாதது என்றே சொல்லலாம். அதை வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் காசையும் மார்க் சீட்டையும் சேர்த்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். எழுபது என்றால் குறையே இல்லை. அறுபத்தொன்பது என்றால் ஏதோ ஒரு குறை இருக்கிறது. என்ன குறை என்று மட்டும் சொல்லமாட்டார்கள், மகராசன்கள்!

கெர்ட்ரூட்டிடம் பறவை பொறித்த வெள்ளிக் காசு வரிசை முழுக்க இருந்தது. எல்லாம் எழுபது. இருவாச்சிப் பறவை பொறித்தது மட்டும் அறுபத்தொன்பது. அவளும் மூன்று வருடமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் துருவித் துருவிப் பார்த்துவிட்டாள், அலகிலிருந்து வால் வரைக்கும் ஒரு தூசி குறை கிடையாது. கடைவாய்ப் பல்லில் ஊசிமுனைச் சொத்தையைக் கண்டுபிடிக்கிற கண் அது, ஏமாறுமா? ஒன்று அவள் கண் பொய், இல்லை அந்தச் சீட்டு பொய். இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். பெட்டியை உடைத்து, காசை மறுபடி அனுப்பினால் தெரிந்துவிடும். ஆனால் பெட்டி உடைந்த நிமிடமே பழைய மார்க் செத்துப்போகும். திரும்பி வரும்போது எழுபதும் வரலாம், அறுபத்தெட்டும் வரலாம்.

ரேமண்டின் காசுக் கடை கிளாங்கில் தெங்கு கிளானா ரோட்டில், பூக்கடைக்கு மேல்மாடியில். எல்லாருடைய காசையும் கம்பெனிக்கு அனுப்பி வாங்கித் தருபவன் அவன்தான். அவள் போனபோது தம்புசாமி ஏற்கெனவே நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பார் ஊரில் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்குச் சொந்தக்காரர். பறவை வரிசை முழுவதும் எழுபதாக வைத்திருக்கிற ஒரே மனிதர். அடுத்த மாதம் காசு சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில் நடு மேசை அவருக்குத்தான். அந்தப் பெருமையில் மனிதருக்குச் சட்டைப் பொத்தானே மாட்டவில்லை.

"வாங்க மிஸ்ஸி! அந்த ஒரு மார்க்கு வளந்துச்சா, இல்ல அப்படியேதான் இருக்கா?"

"இன்னைக்கு உடைக்கப் போறேன்ண்ணே," என்று குறட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

ரேமண்ட் பதறிப்போனான். "ஆன்டி, யோசிச்சுச் செய்ங்க லா. கொறைஞ்சு வந்தா என்னைத் திட்டாதீங்க."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுடா," என்று தம்புசாமி சிரித்தார். தன் இருவாச்சியைப் பையிலிருந்து எடுத்து அவளுடையதன் பக்கத்தில் வைத்தார். "உடைக்கிறதுக்கு முன்னாடி எழுபதுன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்துக்குங்க."

கெர்ட்ரூட்டுக்குச் சுருக்கென்றது. "சீட்டைப் பாத்துட்டுக் காசைப் பாத்தா எல்லாம் அழகாத்தான் தெரியும். சீட்டை மறைச்சிட்டுப் பாப்பமா?"

"பாப்பம்! எனக்கென்ன பயம்?"

ரேமண்ட் அவளுடைய பிளாஸ்திரியை வாங்கி, திரும்பி நின்றுகொண்டு, இரண்டு பெட்டியின் சீட்டுகளையும் முன்னும் பின்னும் ஒட்டி மறைத்தான். மாற்றி மாற்றிக் கலைத்து மேசையில் வைத்தான். இப்போது எது யாருடையது என்று அவனுக்கே தெரியாது.

தம்புசாமி பூதக்கண்ணாடியை வாங்கி முதல் காசைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அடேயப்பா! பாருங்க, பறவை அப்படியே எந்திரிச்சு வர்ற மாதிரி இருக்கு. இதுதான் என்னுது!" அடுத்ததை எடுத்தார். "இந்தா, இதுல அலகுக்குக் கீழ மயிரு மாதிரி ஒரு கோடு. கம்பெனிக்காரன் கரெக்டாத்தான் மார்க்கு வெட்டியிருக்கான்."

கெர்ட்ரூட்டும் பார்த்தாள். அலகுக்குக் கீழே கோடு இருந்தது, மெய்தான். அவளுடைய காசில் அப்படி ஒரு கோடே கிடையாது! குப்பென்று முகம் சூடேறியது. "அண்ணே, கோடு உள்ளது என்னுது இல்ல."

"தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

"சத்தியமா என்னுது இல்லண்ணே!"

"நீங்க உடைக்கத்தானே வந்தீங்க? கை நடுங்குது பாருங்க உங்களுக்கு. குடுங்க, நான் உடைச்சித் தர்றேன்!" என்று குறட்டைப் பிடுங்கினார். லோரி டயரையே ஒற்றையாளாகக் கழற்றுகிற கை. அவள் "இருங்க, இருங்க!" என்று கத்தி முடிப்பதற்குள் கோடு உள்ள காசின் பெட்டி மூலை படக்கென்று தெறித்தது. காசு மேசையில் உருண்டது.

ரேமண்ட் உடைந்த பெட்டியை எடுத்துப் பிளாஸ்திரியை உரித்தான். சீட்டைத் திருப்பிக் காட்டினான்.

எழுபது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, அதைக் கெர்ட்ரூட் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். தம்புசாமி குறட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். "ஏன் மிஸ்ஸி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தொண்டை கிழியச் சொன்னேனே!"

"சொன்னாங்க அங்கிள்," என்றான் ரேமண்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் பாட்டுக்குத் தன் அறுபத்தொன்பதைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவளுக்குள் சந்தோசம் பொங்கிப் பொங்கி வந்தது. தம்புசாமியே, அவர் வாயாலேயே, அவளுடைய காசைத்தான் எழுபது என்று சொல்லிவிட்டார்! இனி அவள் கை நடுங்கவில்லை. கையுறை மாட்டினாள், தன் பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினாள், காசை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தாள்.

"ரேமண்ட், ரெண்டையும் அனுப்பு. ஒரே பார்சல். எது நல்ல காசுன்னு அவங்களே மறுபடி சொல்லட்டும்."

காத்திருந்த நாளெல்லாம் அவள் ஒரு நிலையில் இல்லை. பஞ்சு கொடு என்று டாக்டர் கேட்டால் குறட்டை நீட்டினாள். அந்தோணியாருக்கு ஒன்றுக்கு இரண்டாக மெழுகுவர்த்தி ஏற்றினாள். தம்புசாமி தினமும் போன் செய்து, "வந்துடுச்சா?" என்பார். வந்தால் அவருக்குத் தெரியாமல் அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அதுவும் கண்காட்சி நெருங்க நெருங்க மனிதரின் குரலே இறங்கிப்போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ரேமண்ட் கூப்பிட்டான். அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். தம்புசாமி லோரியிலேயே வந்து இறங்கி, படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். ரேமண்ட் பார்சலைக் கிழித்து, பஞ்சுத்தாளை உருவி, பெட்டிகளை வெளியே எடுத்தான். ஒரே பார்சல் என்றாலும் காசுகளை அவரவர் பெயர் போட்டுத் தனித்தனி உறையில் அனுப்பியிருந்ததால் குழப்பம் இல்லை.

"ஆன்டியோடது…" அவன் சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினான். "அறுபத்தொம்பது."

"அங்கிளோடது… எழுபது."

"மாதாவே!" என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள் கெர்ட்ரூட். "கண்ணு தெரியாதவனுங்களையா வேலைக்கு வெச்சிருக்கானுங்க?" கோபம் வந்தது, அழுகையும் வந்தது. தம்புசாமி குதிக்கப் போகிறார், மாடியே அதிரப் போகிறது என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானாள்.

அவர் குதிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் தன்னுடைய எழுபதைப் பார்த்தார். அலகுக்குக் கீழே கோடு அப்படியேதான் இருந்தது. பெட்டியை வைத்துவிட்டு அவளுடையதை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மிஸ்ஸி," என்றார் கடைசியில். "மாத்திக்கலாமா?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"எழுபதை நீங்க எடுத்துக்குங்க. இதை எனக்குக் குடுங்க. அந்தக் கோட்டைப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு."

கெர்ட்ரூட் மேசைக்கு நெருங்கி வந்தாள். கை நீட்டினால் போதும். வரிசை முழுக்க எழுபது. கண்காட்சியில் நடு மேசை. அட்டையில் அவள் பெயர். மூன்று வருடமாக எதற்காகத் தவம் கிடந்தாளோ அது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை நீண்டும்விட்டது. அவருடைய பெட்டியைத் தூக்கி, கண்ணாடிக்கு அடியில் பிடித்தாள். பறவை இருந்தது, கோடும் இருந்தது. இதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? ராத்திரி சோறு தின்றுவிட்டு எதைப் பார்ப்பது?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய எழுபதை அவர் பக்கமே தள்ளிவிட்டு, அவர் கையிலிருந்த தன் இருவாச்சியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்குச் சீட்டை மறைச்சிருந்தப்ப, பறவை எந்திரிச்சு வருதுன்னு இதைத்தான காட்டினீங்க?"

"அதனாலதான் கேக்குறேன் லா!"

"அதனாலதான் குடுக்கமாட்டேன்," என்றாள் கெர்ட்ரூட்.