இரண்டாம் முறை ஊற்ற முடியாத தண்ணீர்

பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்குத்தான் ஞானஸ்நானம். பத்தரைக்கே வந்துவிட்ட நர்ஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பச்சைக்குழந்தைப் பிரிவில் வேலை. நின்ற மூச்சு திரும்பி வந்ததை எத்தனையோ தடவை பார்த்தவள். அவளுக்கே இன்று இருப்புக்கொள்ளவில்லை. இன்று அவள்தான் ஞானத்தாய். குழந்தைக்காகக் கடவுள் முன்னால் நின்று வாக்குக் கொடுக்க வேண்டியவள். அந்த வாக்குக்குக் கொஞ்சமும் தகுதி இல்லாதவள் உலகத்தில் ஒருத்தி உண்டென்றால் அது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வார்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கறார்'. பால் கொடுப்பதற்கு முன்னால் குழந்தையின் காலில் கட்டிய அடையாளப் பட்டையைப் பார்க்க வேண்டும். ஊசிக்கு முன்னாலும் பட்டை, துணி மாற்றுவதற்கு முன்னாலும் பட்டை. ஒருநாள் பட்டையைப் பார்க்காமல் பால் புட்டியை நீட்டிய சின்ன நர்ஸ் ஒருத்தியை அழவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினாள். "கறார் அக்கா வீட்டுல புருஷன் காலத் தடவிப் பாத்துட்டுத்தான் சோறே போடுவாங்க" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், தையற்காரி ஒருத்திக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பத்து வாரம் முந்திக்கொண்ட அவசரக்குடுக்கைகள். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. இரண்டுக்கும் மூக்கில் குழாய், கண்ணில் கட்டு, ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி. பெரியவள் தேறிவிடுவாள் என்றார்கள். சின்னவளுக்கு நுரையீரல் விரியவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

தாய் காய்ச்சலில் மாடியில் கிடந்தாள். அன்று காலை பணிக்கு வந்த கறாரைக் கையோடு மேலே கூப்பிட்டுவிட்டாள். போனதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாய்ச் சுட்டது.

"அக்கா, ஃபாதருக்குச் சொல்லி அனுப்பியிருக்கு. அவர் வர்ற வரைக்கும் சின்னவ தாங்கலைன்னா நீங்களே ஞானஸ்நானத் தண்ணி ஊத்திடுங்க. அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் ஊத்தலாமாமே?"

"ஊத்தலாம்மா."

"என் பொண்ணு யாரோ எவரோன்னு போகக்கூடாதுக்கா. இன்னாரோட புள்ளன்னு ஒரு அடையாளத்தோட போகணும்."

கறார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கோயில் படி ஏறுகிற ரகம். ஆனாலும் சின்ன வயதில் மனப்பாடம் செய்த வாசகம் நாக்கிலேயே இருந்தது. கீழே ஓடினாள். ஊசிக்குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்தாள். ஜன்னல் பக்கத்துப் பெட்டிதான் சின்னவள் பெட்டி, மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது. நெற்றியில் மூன்று முறை தண்ணீர் விட்டாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." பஞ்சால் நெற்றியை ஒற்றினாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால் அலாரம் அடித்தது. அடித்தது கதவுப் பக்கத்துப் பெட்டி.

குனிந்து, தண்ணீர் விட்ட குழந்தையின் பட்டையைப் பார்த்தாள். 'ஒன்று' என்று இருந்தது. தண்ணீர் விழுந்தது பெரியவள் தலையில். ஜன்னல் பக்கத்து மின் இணைப்பு அடிக்கடி விட்டுப்போகிறது, சின்னவளுக்கு ஆபத்து என்று விடியற்காலையில் பெட்டிகளை இடம் மாற்றியிருந்தார்கள். அவளிடம் சொல்ல இன்னும் நேரம் கிடைக்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பட்டை இருக்கிறதே! ஒரு சொட்டு மருந்து கொடுப்பதாக இருந்தால் பார்த்திருப்பாள். இது மருந்து இல்லை என்று அந்தப் பாழாய்ப்போன கை நினைத்துவிட்டது.

டாக்டர் ஓடிவந்தார். இருபது நிமிடம் கறாரின் இரண்டு விரல்கள் சின்னவளின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தன. மிச்சத் தண்ணீர் ஊசிக்குழலில் இருந்தது, எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு நொடி கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் பிள்ளை போய்விடும் என்று பயந்தாள். எடுக்காமலேயே போய்விட்டது.

மேலே போனபோது தையற்காரி அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊத்தினீங்களா அக்கா?"

"ஊத்தினேன்மா."

பொய் என்று யார் சொல்ல முடியும்? ஊற்றினாள்தான். அந்தப் பதிலோடுதான் அந்தப் பெண் முதன்முதலாகக் கதறி அழுதாள், அழுது முடித்துத் தூங்கினாள். அன்றிலிருந்து கறாருக்குத்தான் தூக்கம் போயிற்று.

கோயில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. தையற்காரி வந்துவிட்டாள். பின்னாலேயே பஸ் ஓட்டுநரான கணவன் மெழுகுவர்த்தியும் பால் புட்டியுமாக வந்தான். பெரியவள் கொழுகொழுவென்று அம்மா இடுப்பில் உட்கார்ந்து, அம்மாவே தைத்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சீக்கிரமே வந்துட்டீங்களா! பாருங்க, ஒரு வாரமா உக்காந்து தச்சேன், மகாராணி தின்னே தீத்துடுவா போல." சிரித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு இவளுக்கும் ஆயிட்டா அக்காளும் தங்கச்சியும் ஒண்ணு. இத்தன நாளும் சின்னவ மட்டும் கடவுள் வீட்டுக்கு உள்ள இருக்கா, இவ வெளிய நிக்கிறான்னு எனக்கு ஒரே உறுத்தல்."

கறார், "இதோ வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு, பீடத்துக்குப் பக்கத்து அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள்.

உள்ளே ஃபாதர், நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் கறார் ஒரு அதட்டுப் போட்டிருப்பாள். இன்று எதுவும் தோன்றவில்லை. மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். அவர் தேடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பட்டையப் பாத்தது தண்ணி ஊத்தின பிறகா?"

"ஆமா ஃபாதர். ஆள் மாறிப்போச்சு. அப்ப அது செல்லாதுதானே? நீங்க இன்னைக்கு ஊத்தினா எல்லாம் சரியாயிடும்தானே?" அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதம் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"செல்லும்மா. உன் முன்னால இருந்த குழந்தைக்குத் தண்ணி ஊத்தி வாசகம் சொன்ன. அந்தக் குழந்தைக்கு ஆயிடுச்சு. ஞானஸ்நானம் ஒரே தடவைதான். ரெண்டாந்தரம் நான் ஊத்தக் கூடாது."

"ஏன் ஃபாதர்? தண்ணிதானே?"

"குளிக்கிறதா இருந்தா தினம் குளிக்கலாம். இது பொறக்கிறது. செத்து, புதைஞ்சு, கிறிஸ்துவோட எழுந்திரிக்கிறது. ஒருத்தர ரெண்டு தடவை பெத்தெடுக்க முடியுமா, நீயே சொல்லு." நெற்றியைத் தடவியவர் கண்ணாடி அகப்பட்டும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. "எண்ணெய் பூசலாம், வெள்ளை உடுத்தலாம், மெழுகுவர்த்தி ஏத்தலாம். தண்ணி மட்டும் கிடையாது. ஏன் ஊத்தலைன்னு அவ கேப்பா. நான் காத்திருக்கேன். நீ போய்ச் சொல்லு."

"நீங்க சொல்லக் கூடாதா ஃபாதர்?"

"ஊத்தினது நான் இல்லையே."

கறாருக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் என்ன செய்வது, நியாயம் அவர் பக்கம் இருந்தது. வெளியே போனாள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள். குழந்தை தொட்டித் தண்ணீரில் கையை விட எட்டிக்கொண்டிருந்தது. சுற்றி வளைக்கத் தெரியாதவள், நின்ற நிலையில் சொன்னாள்.

"நான் அன்னைக்குத் தண்ணி ஊத்தினது சின்னவளுக்கு இல்லம்மா. இவளுக்கு. பெட்டி மாறியிருந்துச்சு, நான் பட்டையப் பாக்கல. சின்னவ தண்ணியில்லாமத்தான் போனா."

தையற்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையைக் கணவனிடம் தள்ளினாள்.

"நான் கேட்டேனே. ஊத்தினீங்களான்னு கேட்டேனே!"

"நீ கேட்டம்மா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களே."

அவள் அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது கறாருக்கு. சத்தம் கேட்டு ஃபாதர் வந்துவிட்டார். தையற்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

"என் சின்னவ எங்க இருக்கா ஃபாதர்? கதவுக்கு வெளியவா?"

"இல்லம்மா. தண்ணி ஊத்துங்கன்னு கடவுள் நமக்குச் சொன்னார். தண்ணி இல்லைன்னா நான் தூக்க மாட்டேன்னு அவர் தன் கையக் கட்டிக்கல. நீ அவளுக்காகக் கேட்டியே, அது அவர் காதுல விழுந்திருக்கும்."

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு என்ன, புள்ளையா குட்டியா!"

அவர் தலை குனிந்துகொண்டார். ஓட்டுநர் மட்டும் மெல்ல, "நாம இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றான். அவள் காதில் வாங்கவில்லை. கறாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ போறப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தாம்மா. என் விரல் அவ நெஞ்சு மேல இருந்துச்சு. தண்ணிய எடுக்கலாம்னு தோணுச்சு. விரல எடுத்தா போயிடுவாளோன்னு எடுக்கல." அதற்குமேல் கறாரால் அடக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் யார் முன்னாலும் அழாதவள், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

தையற்காரி அவளைத் தொடவில்லை, தேற்றவுமில்லை. தானும் அழுதாள், தனியாக நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவனிடமிருந்து குழந்தையை வாங்கினாள்.

"ஆரம்பிங்க ஃபாதர்."

தண்ணீர் ஊற்றாத ஞானஸ்நானச் சடங்கு தொடங்கியது. கறார் நாலடி பின்னால் நகர்ந்து நின்றாள். ஓடிவிடலாம் போலிருந்தது, கால்தான் வரவில்லை. ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார்.

"குழந்தைக்கு ஞானத்தாய் யார்?"

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தான்.

"இவங்கதான்" என்றாள் தையற்காரி. திரும்பி கறாரைப் பார்த்தாள். "நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. மன்னிக்கல. ஆனா இவ தலையில தண்ணி ஊத்தினது நீங்க. அவ நெஞ்சுல கை வச்சிருந்ததும் நீங்க. என் ரெண்டு புள்ளையையும் தொட்டவங்க எனக்கு வேற யாரு இருக்கா? முன்னால வாங்க."

கறார் நாலடி முன்னால் வந்தாள். குழந்தை கைக்கு வந்தது, நல்ல கனம். சட்டைக் கழுத்து எச்சிலில் ஈரமாக இருந்தது.

"இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்க இந்தத் தாய்க்குத் துணையாக இருப்பாயா?" என்று ஃபாதர் கேட்டார்.

"இருப்பேன்" என்றாள் கறார். குழந்தையின் தலைமேல் குனிந்து, வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"எனக்குக் கேக்கல" என்றாள் தையற்காரி. "சத்தமாச் சொல்லுங்க."