ஒண்டிக்கட்டை எண்

முந்நூற்று எழுபத்தொன்பதால் வகுத்தாள். மிச்சம் இருநூற்று எழுபது. அதை அடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே, திரைக்குப் பின்னால், அண்ணன் இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. காகிதங்கள் தயாராக நேரமாகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தையல் மெஷினிலேயே பழகிய கை. சும்மா வைத்திருக்க முடியவில்லை.

மின்சார மீட்டர் கணக்கெடுக்க முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அண்ணன். எந்த எண்ணைப் பார்த்தாலும் உடைத்துப் பார்க்காமல் விடமாட்டார். பல எண்களால் வகுபட்டால் அது 'கூட்டுக் குடும்பம்'. எதற்கும் மசியாத பகா எண் 'ஒண்டிக்கட்டை'. கல்யாணம் செய்துகொள்ளாத அவரைத் தெருவில் அப்படித்தான் சொன்னார்கள். அவர் அதை எண்களுக்கு வைத்துவிட்டார். புருஷன் போன பிறகு அவள் அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். தெரு மட்டும் பேரை மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மணிக்கட்டில் கட்டிய பட்டையில் 391777 என்று இருந்தது. பார்த்ததுமே, இது ஒண்டிக்கட்டை என்றார். சொன்னால் போதுமா? நோட்டில் பகா எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு, இரண்டிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வந்தார். அறுநூற்று இருபத்தைந்து வரை பார்த்தால் போதுமாம். இரண்டு எண்ணைப் பெருக்கி இது வந்திருந்தால், சின்னது அதற்குள்தான் இருந்தாக வேண்டுமாம். பத்து நாளில் முந்நூற்று எழுபத்து மூன்று வரை வந்துவிட்டார். இன்று காலையில் விரலிலிருந்து பென்சில் நழுவியது.

"மிச்சத்த நீ பாத்துடு," என்றார்.

இன்னும் நாற்பது எண்கள். அவருக்கோ மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் நோட்டை வாங்கி, கொஞ்ச நேரம் எதையோ கிறுக்கினாள்.

"எதாலயும் போகலண்ணா. ஒண்டிக்கட்டதான்."

"நான் அப்பவே சொல்லல?"

கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு பேசவில்லை.

முந்நூற்று எண்பத்து மூன்றுக்கும் போகவில்லை. அடுத்த இரண்டுக்கும் போகவில்லை. நானூற்று ஒன்றால் வகுத்தபோது மிச்சம் வரவில்லை. எங்கோ தப்பு விட்டிருக்கிறோம் என்று திருப்பிப் பெருக்கினாள். 401, 977. சரியாகத்தான் வந்தது. தொள்ளாயிரத்து எழுபத்தேழையும் உடைக்கப் பார்த்தாள், அது உடையவில்லை. இரண்டே இரண்டு. காலையில் நிஜமாகவே போட்டிருந்தால் ஐந்தாவது வரியில் வந்திருக்கும். கால் மணி நேரம் கூட ஆகியிருக்காது.

வண்டிக்குச் சொல்லப் போன அண்ணனின் கூட்டாளி திரும்பி வந்தார். அவரும் மீட்டர் கணக்கெடுப்பவர். இந்த எண்ணைப் பற்றி ஒவ்வொரு நாளும் போனில் விசாரித்தவர். அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"உடைஞ்சுதாம்மா?"

"ரெண்டா உடைஞ்சுது."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "அவருக்குத் தெரியுமா?"

அவள் நோட்டை மூடினாள்.

"வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

வந்திருந்தது. அண்ணனை ஏற்றியதும், முன்சீட்டில் வசதியாக உட்காரலாம் என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். கூட்டாளியை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறினாள். ஸ்ட்ரெச்சரை ஒட்டி ஒரு குறுகிய பலகை இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலை ஆடாமல் இருக்க, ஒரு கையை அண்ணனின் கன்னத்தோடு அணைத்து வைத்துக்கொண்டாள்.