காலியிடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிமெண்டு பெஞ்சில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக்கூடத்துக்கும் ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் ஒரு கூடைப்பந்து மைதானம் இருக்கிறது. ஒருவரை வீட்டுக்குக் கூட்டிப்போக அங்கே காத்திருந்தேன். (யாரை என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் நடுநிலைமேல் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.) ஓர் இளைஞன், நடுவயதுப் பெண்கள் எட்டுப் பேரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்:

"அக்கா, யோசிக்காதீங்க. பாருங்க. பார்த்தாலே போதும், பாதி முடிவு தானா வந்துடும்."

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். யோசித்தேன். நான்கு மாதம் யோசித்தேன்.

முதல் தொடக்கம்: "பந்து காற்றில் இருந்தது. எல்லோரும் மூச்சை" — வேண்டாம். விளையாட்டுக் கதை என்றாலே பந்து காற்றில்தான் இருக்கிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த அணியில் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு யாரிடமும் மூச்சு மிச்சம் இருப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "முடிவெடுத்தல் என்பது மனித வாழ்வின்" — இதைப் படித்தால் நானே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம். வேறு வழியில்லாதபோதுதான் எனக்கு உண்மையின் ஞாபகம் வரும்.

2

அவனை எல்லோரும் லிஃப்ட் தம்பி என்பார்கள். மருத்துவமனையின் நான்கு லிஃப்டுகளையும் பழுது பார்ப்பவன். வயது இருபத்தேழு. பள்ளிக்கூட நாட்களில் நன்றாக ஆடினான் என்று யாரோ போட்டுக்கொடுத்ததில், பெண் ஊழியர்களின் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. மருந்தாளர், சமையல்கூடத்து அம்மா, ஐந்தாறு நர்ஸ்கள் என்று எல்லோருமே அவனைவிடப் பத்து இருபது வயது மூத்தவர்கள். இரண்டு வருடத்தில் ஒன்பது ஆட்டம் ஆடி, ஒன்றுவிடாமல் ஒன்பதிலும் தோற்றவர்கள். இவர்களோடு ஆட்டம் என்றால் மற்ற மருத்துவமனை அணிகள் வேனிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கும்.

பந்து கைக்கு வந்ததும் பதறுவதுதான் இவர்களுக்கு இருந்த வியாதி.

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்க என்ன செய்வாங்க தெரியுமா? எல்லா பட்டனையும் அமுக்குவாங்க. நீங்களும் அதையேதான் செய்றீங்க" என்றான் அவன்.

"லிஃப்டை ஒழுங்கா ரிப்பேர் பண்ணினா நாங்க ஏன்ப்பா அமுக்கப்போறோம்?" என்றார் சமையல்கூடத்து அம்மா.

பந்து நம் கையில் இருக்கும்போது என்ன செய்வது? மூன்றே கேள்விதான் என்றான். எதிரே நிற்பவள் தள்ளி நிற்கிறாளா? கூடைக்கு எறிந்துவிடு. ஒட்டி நிற்கிறாளா? அவளைத் தாண்டிப் போ. அவளுக்கு உதவியாக இன்னொருத்தி ஓடிவருகிறாளா? அப்படியென்றால் அந்த இன்னொருத்தி விட்டுவிட்டு வந்த இடம் காலி. பந்தை அங்கே அனுப்பு.

பந்து அவர்கள் கையில் இருக்கும்போது? உன் ஒரு கை பந்தைக் காட்டட்டும், மற்றொரு கை உன் பொறுப்பில் இருக்கும் ஆளைக் காட்டட்டும். இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற இடத்தில் நில். எட்டுப் பெண்கள் இரண்டு கைகளையும் இரண்டு திசையில் நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, உள்ளே வந்த ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேவிட்டது.*

* ஆம்புலன்ஸ் நின்றது உண்மை. காரணம் மட்டும் என்னுடையது.

3

இப்போது வார்டு சிஸ்டர் வருகிறார். இவரால்தான் கதையும் நின்றது, பயிற்சியும் நின்றது.

வயது நாற்பத்தைந்து. இந்த வருடத்தோடு போதும் என்று முழங்கால் சொல்லிவிட்டது. நாளை நடக்கப்போவதுதான் அவருடைய கடைசி ஆட்டம். அவரிடம் ஒரு பழக்கம். மருந்தாளரை யாராவது தாண்டிவிட்டால் போதும், தன் ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் குறுக்கே நிற்பார். பந்து உடனே அவர் விட்டுவந்த இடத்துக்குப் போகும். அங்கே அவருடைய ஆள் தன்னந்தனியாக, வேண்டுமானால் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டு, சாவகாசமாகக் கூடையில் போடுவாள்.

"சிஸ்டர், உங்க ஆளை விட்டுட்டு ஏன் போறீங்க?"

"அவ தனியா மாட்டிக்கிட்டாளே தம்பி."

"அது அவங்க பாடு."

"கண்ணுல பட்டுச்சே. பார்த்தாலே போதும், முடிவு தானா வரும்னு நீதானே சொன்னே?"

எழுதிப் படித்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. இப்படி ஒருவர் இருப்பாரா? நல்லவர்களை யாரும் நம்புவதில்லை என்பதால் ஒரு குறை சேர்த்துப் பார்த்தேன். "வார்டு சிஸ்டருக்குக் கோபம் வந்தால்" — என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை. பார்த்ததில்லை.

இதற்குமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. இவர் கற்பனை இல்லை. அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். பெஞ்சில் நான் காத்திருந்தது இவருக்காகத்தான். என் மனைவி. (கதையில் 'அவர்', வீட்டில் 'அவள்'. கதையில் மட்டும்தானா இந்த மரியாதை என்று நீங்கள் கேட்பதற்குள் மேலே போகிறேன்.)

அவள் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க?"

"உண்மைதானே?"

"எழுதறது கதைதானே? நாப்பதுன்னு போட்டா குறைஞ்சா போயிடும்?"

"அதை விடு. உன் குறை ஏதாவது ஒண்ணு சொல்லேன். நம்பற மாதிரியே இல்ல."

"ஏன் இல்ல? ஒரு துரும்பைக்கூட நகர்த்தாம எழுதிக்கிட்டே இருக்கிற மனுஷனை இருபது வருஷமா சும்மா விட்டு வெச்சிருக்கேன். அது குறையில்லையா?"

இதைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று சற்று யோசித்தேன். சேர்த்துவிட்டேன்.

4

லிஃப்ட் தம்பி ஒரு முடிவுக்கு வந்தான். கடைசி ஆட்டத்தையாவது ஜெயிக்க வேண்டும் என்றால், இறங்கும் ஐந்து பேரில் வார்டு சிஸ்டர் இருக்கக்கூடாது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு நொடியில் முடிவெடுக்கச் சொல்லித் தருகிறவன், அந்த ஒரு வாக்கியத்தைப் பதினொரு நாள் சுமந்துகொண்டு திரிந்தான்.

மூன்றாம் எண் லிஃப்டுக்குள் நின்று கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தான். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க..." கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் இருந்த நோயாளி, "எடுத்துக்கலப்பா" என்றார். (இது அவனே என்னிடம் சொன்னது.)

ஒருநாள் சொல்லப் போனபோது, கம்பி கிழித்த அவன் விரலைப் பார்த்துவிட்டு சிஸ்டர் கட்டுப்போட்டுவிட்டார். கட்டுப்போடுகிறவரிடம் எப்படிச் சொல்வது? இன்னொரு நாள், "சிஸ்டர், இந்த ஆட்டத்துல நீங்க கொஞ்சம் உட்கார்ந்து..." என்று ஆரம்பித்தான்.

"நீ முதல்ல உட்காரு தம்பி. முகமே வாடியிருக்கு. சாப்பிட்டியா?"

நேற்று மாலை கடைசிப் பயிற்சி. சலவைக்கூடத்து ஆட்கள் ஐந்து பேர் எதிரணியாக நின்றார்கள். அவன் சிஸ்டரை வெளியே உட்காரவைத்தான். "சும்மா பாருங்க" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமலே. சிஸ்டர் உட்கார்ந்தார். மெதுவாக முழங்கால் பட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. மருந்தாளரைத் தாண்டி ஒருவன் போனான். மற்ற நால்வரும் கைகளை நீட்டிக்கொண்டு, போகிறவனுக்கு வழிகாட்டும் பலகைகள் மாதிரி நின்றார்கள். கூடை. மறுபடி தாண்டினான். மறுபடி கூடை. மருந்தாளர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவர் பக்கம் போகவில்லை.

அவனுக்கே தாங்கவில்லை. "சிஸ்டர், வாங்க" என்றான்.

பட்டையை மாட்டிக்கொண்டு அவர் வந்தார். அடுத்த முறை தாண்டியவனுக்கு நேரே போய் நின்றார். பந்து அவர் விட்டுப்போன இடத்துக்குப் பறந்தது. கூடை.

அவன் கத்துவதற்கு வாயைத் திறந்தான். ஆனால் இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் கண் சிஸ்டரிடம் போகவில்லை. அவர் விட்டுப்போன இடத்துக்குப் போனது. அதற்கு இரண்டடி தள்ளி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சமையல்கூடத்து அம்மா நின்றிருந்தார்.

"அக்கா, பக்கத்துலதானே நின்னீங்க? நீங்க போயிருக்கலாமே?"

"நான் எதுக்குப்பா? அது சிஸ்டரோட ஆளு."

"சிஸ்டர்தான் அந்தப் பக்கம் போயிட்டாங்களே."

"போகக்கூடாதுன்னு ரெண்டு வருஷமா நீதானே அவங்களைத் திட்டறே? சரி, நீ திட்டி முடிக்கட்டும்னு நின்னேன்."

லிஃப்ட் தம்பி பந்தைக் கீழே வைத்துவிட்டு சிஸ்டரிடம் வந்தான். பிறகு சொன்னான்: "சிஸ்டர், தப்பு உங்களோடது இல்ல. ஒருத்தர் உதவிக்குப் போனா, பக்கத்துல நிக்கிறவங்க அவங்க இடத்துக்குப் போகணும். அவங்க இடத்துக்கு அதுக்கு அடுத்தவங்க. அஞ்சு பேரும் ஆளுக்கு ரெண்டடி. ஒரு லிஃப்டை ஒரே கயித்துல கட்டி விடமாட்டேன். உங்களை மட்டும் அப்படி விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"அதுக்கென்ன தம்பி" என்றார் சிஸ்டர். "நாளன்னைக்கு நான் இறங்கலாமா?"

"உங்க பேர்தான் முதல் பேர்."

விளக்கு போடும் நேரம்வரை அதையே பழகினார்கள். பத்து முறையில் இரண்டு முறை சமையல்கூடத்து அம்மா நேரத்துக்குப் போனார். எட்டு முறை, போகலாமா என்று யோசித்தார்.

5

ஆகவே, நாளைக்கு.

முடிவு அ: ஜெயிக்கிறார்கள். என் ஆசை இதுதான். நல்ல மனசுக்காரர்களுக்கு நல்லபடி முடியட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவன் நான். ஆனால் எதிரணி வீட்டிலும் யாராவது வேண்டிக்கொண்டிருப்பார்கள். ஆண்டவனை நானே இக்கட்டில் மாட்டிவிடலாமா?

முடிவு ஆ: பத்தாவது முறையாகத் தோற்கிறார்கள், ஆனால் மனதளவில் ஜெயிக்கிறார்கள். இலக்கியத்துக்கு இதுதான் பொருத்தம் என்பார் என் நண்பர். அவரை மைதானத்துக்கு அழைத்துவந்து சமையல்கூடத்து அம்மாவிடம் இதைச் சொல்லச்சொல்ல வேண்டும்.

முடிவு இ: ஒரு புள்ளி முன்னால் இருக்கிறார்கள். ஐந்து நொடி பாக்கி. மருந்தாளரைத் தாண்டிவிட்டாள் ஒருத்தி. சிஸ்டர் தன் ஆளை விட்டுவிட்டு ஓடுகிறார், வேறெப்படி? பந்து அவர் விட்டுப்போன இடத்துக்குக் கிளம்பிவிட்டது. அதற்கு இரண்டடி தள்ளி நிற்கும் சமையல்கூடத்து அம்மா

6

மன்னிக்கவும். அழைப்புமணி. மாடிவீட்டுப் பெரியவருக்குத் தலைசுற்றலாம். "என்னங்க, ரத்த அழுத்தம் பார்த்துட்டு இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவளுக்குக் கண்ணில் பட்டால் போதும்.

எட்டிப்பார்க்கிறேன். அணியின் எட்டு பனியன்களையும் வீட்டுக்கு வாங்கிவந்திருக்கிறாள். "பனியனுக்குப் போய் யாராவது இஸ்திரி போடுவாங்களா சிஸ்டர்?" என்று லிஃப்ட் தம்பிகூடக் கேலி செய்தானாம். ஏழு மடித்து அடுக்கியிருக்கிறது. எட்டாவது சுருங்கிக் கிடக்கிறது. அவளுடையது. தன்னுடையதைக் கடைசியில்தான் வைத்துக்கொள்வாள்.

எனக்கு இஸ்திரி போடத் தெரியாது. முதுகில் அச்சடித்த எண் உருகி ஒட்டிக்கொள்ளும், அதனால் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் ஒருமுறை காதில் விழுந்திருக்கிறது. இருபது வருடமாக இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் நடுவே நான்கடிதான்.

எழுந்துவிட்டேன்.

பந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சமையல்கூடத்து அம்மாவின் கால் இன்னும் நகரவில்லை. நான் என் இடத்தை விட்டுவிட்டுப் போகிறேன், பேனாவை மூடவில்லை. பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான்.