கைலியோடு பூட்டிய கார்

காருக்கு அடியில் புகைக்குழாயோடு இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை, உள்ளே பிளாட்டினம் இருக்கிறதென்று திருடர்கள் அறுத்துப் போகிறார்களாம். கடலூர்த் திருடர்கள் அத்தனை பேரும் என் காரைத்தான் குறிவைத்திருந்தார்கள். அதனால் மச்சான் தேவநாதனைக் காருக்கு அடியில் படுக்கவைத்து, அதை மூடும் காவல் தகட்டை மாட்டச் சொன்னேன். இறுக்கியதும் தலை உடைந்துவிடும் போல்ட்டு. அப்புறம் எமனாலும் கழற்ற முடியாது.

"மாமா, கைலியும் சேந்து மாட்டிக்கிச்சு!" என்று அலறினான்.

அவன் மகளை எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து மாலையில் வரவேண்டியவர்கள் அப்போதே எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள்.

"உருவிட்டு வா மச்சான்."

"உள்ள ஒண்ணும் போடல மாமா!"

படுத்தபடியே கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றான். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பார்த்தார். வேட்டியை மடித்துக்கட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணோட அப்பா எழுந்து ஓட முடியாம கெடச்சா வுடுவமா? இங்கயே தேதி குறிச்சிடலாம்."