பார்ட்டிக்கு இல்லாத கட்டில்

வெங்கடாசலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன்மேல் ஒரு பார்ட்டியை உட்காரவைத்துப் பார்ப்பான். ஏற்காட்டில் பார்ட்டி என்றால் விருந்து அல்ல, வந்து தங்கும் வெளியூர்க்காரர்கள். ஏரிக்கு மேலே ஏறும் ரோட்டில் இருந்த அவன் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள் பார்ட்டிக்கு. பின்னால் இருந்த ஒற்றை அறையும் சமையற்கட்டும் அவனுக்கும், மனைவி கனகாவுக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும்.

வீட்டுக்கு என்று வாங்கிய எதுவும் பின்னறையில் தங்கியதில்லை என்பது கனகாவின் மனக்குறை. ஆளுயரக் கண்ணாடி வந்தது, முன்னால் போனது. மடக்கு மேசை வந்தது, அதுவும் போனது. கம்பளியில் நல்லதாக ஒன்று வந்தபோது அவள் அதைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். ஒரு மழைநாளில் குளிருகிறது என்று பார்ட்டி சொல்ல, அதுவும் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் தரையில் பாயில் படுத்தார்கள். அந்த மலையின் தரைக்குளிர் பாயைத் தாண்டி ஏறிவரும். நாலு வயது தினேஷின் மூக்கு கார்த்திகையில் ஒழுக ஆரம்பித்தால் மாசி வரை ஓயாது.

அதனால் பிள்ளைகளுக்கு ஒரு கட்டில் வேண்டும் என்று கேட்டாள். வெங்கடாசலமும் உடனே சரி என்றான். அவன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டிலை வாங்குவது பெரிய காரியமில்லை. அதைப் பின்னறையிலேயே நிற்கவைப்பதுதான் காரியம்.

சேலத்தில் அவர்கள் போன ஃபர்னிச்சர் கடை மூன்று மாடிக்கு நின்றது. வாசலில் தினேஷ் செருப்பைக் கழற்றினான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் கையில் எடுத்துக்கொண்டே நடந்தான். உள்ளே போனதும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் கவியா ஒரு பெரிய சோபாவில் விழுந்து காலை ஆட்டினாள்.

"ஏனுங்க, ரூம்ல சுடுதண்ணி வருமா? நெட்டு கெடைக்குமா?"

தினேஷ் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குஷனைத் தட்டுபோல ஏந்தி வந்தான். "காலைல வருமுங்க மேடம். டீ சாப்புடறீங்களா?"

"சக்கர கம்மியா. போன தடவ பாயாசமாட்ட இருந்துச்சு."

கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்களைக் கட்டில் இருக்கும் மாடிக்கு அழைத்துப் போனார். கனகா முதல் கட்டிலின் விளிம்பைத் தட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன குறை இருக்குதுங்க?"

"குறையே இல்லைங்க மேடம். நல்ல தேக்கு."

அவள் முகம் வாடிவிட்டது. அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதிலும் குறை இல்லையாம். வருசக்கணக்கில் உழைக்குமாம். இப்படிக் குறையைத் தேடி அலையும் வாடிக்கையாளரை அந்த மனிதர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். கடைசியில், ஒரு மூலையில், அவள் அதைக் கண்டுபிடித்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, சிவப்பு ஏணி, பொம்மைக்குச் செய்ததுபோல் குட்டை.

"பெரிய ஆளு இதுல காலு நீட்ட முடியாதுங்களே?"

"முடியாதுங்க மேடம். குழந்தைங்களுக்கு மட்டும்தான்."

"கட்டாயமா முடியாதுங்களே?"

"கட்டாயமா முடியாதுங்க."

கனகாவுக்குப் பாதி மலை ஏறிவிட்டதுபோல் இருந்தது. கவியா அதற்குள் மேலடுக்குக்கு ஏறிவிட்டாள். காலையில் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, இறங்கிய கையோடு இரண்டு டம்ளர் ரோஸ்மில்க் குடித்திருந்த தினேஷ் கீழடுக்கில் சுருண்டான். சுருண்டவன் தூங்கியும் போனான்.

வெங்கடாசலம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான். அவன் கண்கள் மெல்லத் தூரத்துக்குப் போயின. கட்டிலில் ஒரு பார்ட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்று கனகாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல கட்டில் புள்ள. பேமிலி பார்ட்டி வந்தா புள்ளைங்கள இதுல போட்டுக்கலாம். போன வருசம் ஒரு பார்ட்டி இதத்தான் கேட்டுச்சு."

"நம்ம புள்ளைங்களுக்குன்னு தானுங்க வாங்குறோம்?"

"அவங்களுக்குத்தான். சீசன் முடியற மட்டும் முன்னால கெடக்கட்டும்."

"சீசன் முடிஞ்சா பூஜை லீவு. அப்பறம் தீவாளி. அப்பறம் நியூ இயர்."

"லீவு நானா உடறேன்?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் யோசித்தபோதுதான் தினேஷின் ஒரு முழங்கால் இன்னொன்றின்மேல் ஏறி உரசுவதைப் பார்த்தாள். அந்த உரசல் அவளுக்குப் பழக்கம். வீட்டில் என்றால் அந்த நொடியே அவனை அள்ளிக்கொண்டு புறக்கடைக்கு ஓடியிருப்பாள். இங்கேயும் ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தொங்குற லைட்டெல்லாம் விக்கறதுங்களா?" என்று விற்பனையாளரைக் கேட்டாள்.

அவர் மகிழ்ந்துபோனார். இந்த அம்மாள் குறை கேட்காத முதல் பொருள் அது. நிதானமாக, ஒவ்வொரு விளக்காகச் சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது தினேஷும் முடித்திருந்தான்.

"ஐயோ சார்," என்றார் விற்பனையாளர், மெத்தையைப் பார்த்து. "பிளாஸ்டிக் கவர நேத்துத்தான் எடுத்தோம்."

வெங்கடாசலம் கைக்குட்டையை எடுத்தான். "சின்னப் பையனுங்க. தொடச்சுட்டாப் போச்சு."

"பரவாயில்லைங்க சார். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த..."

மேலடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. கவியா பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "மெத்தையிலோ விரிப்பிலோ கறை பட்டால் முழு விலையையும் பார்ட்டியே தர வேண்டும். இப்படிக்கு, உரிமையாளர்." பிறகு விற்பனையாளருக்கு விளக்கினாள். "எங்கூட்டுல அப்பா போர்டு எழுதி வச்சிருக்கறாருங்க. இங்கிலீஷ்லயும் இருக்குது."

அந்த போர்டை வைத்துத்தான் போன மே மாதம் ஒரு பேங்க் ஆபீசரோடு தேநீர்க் கறைக்காக வெகுநேரம் வாதாடி வெங்கடாசலம் ஜெயித்திருந்தான். இப்போது அவன் யாரோடும் வாதாடவில்லை. தன் செருப்பைப் பார்த்தான்.

"மெத்தையும் சேத்தே பில்லு போடுங்க."

விற்பனையாளர் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து வெங்கடாசலம் மெதுவாக, "நல்லா அலசிக் காயப்போட்டா முன்னால போட்டுக்கலாமில்ல?" என்றான்.

"நம்மூரு பனில மெத்த என்னைக்குங்க காஞ்சுது? வாடை நிக்கும். பார்ட்டி மோந்து பாத்துட்டு ஃபோன்ல ஸ்டாரக் கொறச்சா நான் பொறுப்பில்ல."

"நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் நாறாதா?"

"சொந்தச் சரக்குத்தானுங்க. ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

தினேஷ் எழுந்து உட்கார்ந்தான். நனைந்த டவுசரையும் நிற்பவர்களையும் மாறிமாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வெங்கடாசலம் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அழுகாத சாமி. கட்டில் உனக்குத்தான்."

"பார்ட்டி வந்தா?"

"வந்தா தரைல படுக்கட்டும். நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே."

கீழே, பில் போடும் இடத்துக்கு சோபாக்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கனகா பின்னால் வரவில்லை என்று உணர்ந்து வெங்கடாசலம் திரும்பினான். அவள் பச்சை நிறத்தில் ஒரு மூவர் சோபாவைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"பையனக் கொஞ்சம் எறக்கி உடுங்க. பாவம், அதுல செத்த உக்காரட்டும்," என்றாள். "ரோஸ்மில்க் ஒண்ணு வாங்கியாரட்டுங்களா?"

வெங்கடாசலம் அவளையே பார்த்தான். அங்கேயும் தலைக்குமேல் தொங்கிய விளக்குகளைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். பிறகு பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டபடி வேகமாக நடந்தான்.